அதிபர் வேடம் யாருக்குக் கிடைக்கிறது?

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1975ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கிய நகைச்சுவை நிகழ்ச்சி 'சாட்டர்டே நைட் லைவ்'. சனிக்கிழமை இரவுகளில் நேரடியாக ஒளியேறும் இந்நிகழ்ச்சி அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. சிறுசிறு நகைச்சுவை நாடகங்களின் தொகுப்பு அது. நாட்டு நடப்பைக் கிண்டல் செய்வதும், அரசியல் தலைவர்களைப் போல நடித்துக் காட்டுவதும் அதன் உயிர்நாடி.

2008ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி அந்நிகழ்ச்சியில் பராக் ஒபாமா வேடம் முதன்முறையாக அரங்கேறியது. கறுப்பர் ஒருவர் வெள்ளை மாளிகையை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால், ஒபாமாவாக வந்து நின்ற நடிகர் கறுப்பரல்லர். தாய் வழியில் வெனிசுவேலாவையும் தந்தை வழியில் ஜெர்மனி, கொரியாவையும் பூர்வீகமாகக் கொண்ட ஃபிரெட் ஆர்மிசன்தான் தோலின் நிறத்தைக் கூட்டும் ஒப்பனையுடன் அவ்வேடம் ஏற்றிருந்தார்.

உடனே கேள்வி எழுந்தது. ஒரு கறுப்பர் நாட்டை ஆளத் தயாராகிவிட்டார். அவரைப் போல நடிக்க ஒரு கறுப்பர் இந்நிகழ்ச்சிக்குக் கிடைக்கவில்லையா? பலரையும் நடிக்க வைத்துப் பார்த்ததாகவும், ஆர்மிசனே சிறப்பாகச் செய்ததாகவும் தயாரிப்பாளர் லோர்ன் மைக்கல்ஸ் விளக்கமளித்தார். திறமைக்கே முதலிடம் என்ற அந்தப் பதிலில் தவறு காண முடியாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், சற்று நின்று சிந்தித்தால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது தெரியும்.

கேலிக்கு இருக்கும் வலிமை

சிரித்துவிட்டு மறந்துபோகும் விஷயத்துக்கு இத்தனை விவாதம் எதற்கு என்று கேட்கலாம். அரசியல் கேலி அப்படி மறந்துபோவதில்லை. அதிபர் ஜெரல்ட் ஃபோர்டு இளமையில் பல்கலைக்கழகக் காற்பந்தாட்ட வீரர். 1975இல் ஆஸ்திரியாவில் விமானப் படிக்கட்டில் அவர் கால் இடறி விழுந்தார். அதை வைத்துச் செவி சேஸ் என்ற நடிகர் வாரந்தோறும் மேடையில் தடுக்கி விழுந்து காட்டினார். குரலைப் போலச் செய்யவில்லை. முக ஒப்பனையும் போட்டுக்கொள்ளவில்லை. விழுந்தார், அவ்வளவுதான். ஆனாலும் அந்த விளையாட்டு வீரர் மக்கள் மனத்தில் தடுமாறும் மனிதராகவே பதிந்துவிட்டார்.

2008இல் சாரா பேலின் துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது அவரைப் போல டினா ஃபே நடித்தார். தம் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்று ஃபே பேசிய வசனத்தைப் பேலினே சொன்னதாக இன்றும் நம்புவோர் உண்டு. அதே ஆண்டு, ஒபாமாவுக்குச் செய்தியாளர்கள் சலுகை காட்டுவதாக இந்நிகழ்ச்சி கேலி செய்த சில நாள்களுக்குள், ஹில்லரி கிளிண்டன் நேரடி விவாத மேடையிலேயே அதை எடுத்துக்காட்டிப் பேசினார்.

ஆக, போலி நடிப்பு ஒரு தலைவரின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. கேலிக்கு ஆளாவது ஒருவகையில் அங்கீகாரமும்கூட. 1992 தேர்தலில் தோற்ற அதிபர் ஜார்ஜ் புஷ், ஆண்டுக்கணக்கில் தம்மைக் கேலி செய்துவந்த டேனா கார்வியை வெள்ளை மாளிகைக்கே அழைத்து எல்லாருடனும் சேர்ந்து சிரித்தார். பெரிய மனிதர்களைத்தான் ஊர் போலச் செய்து காட்டும். அப்படியென்றால் அந்த வேலையை யார் செய்கிறார்கள், யாருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதும் முக்கியமாகிவிடுகிறது.

கரி பூசிய முகங்கள்

நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே? ஆண் வேடத்தில் பெண் நடிக்கலாம், இளைஞர் கிழவராகலாம். 2017இல் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசராக மெலிசா மெக்கார்த்தி என்ற நடிகை வந்தபோது நாடே ரசித்தது. அப்படியிருக்க, நிறத்துக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

பதில் வரலாற்றில் இருக்கிறது. 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பு மனிதராக ஆடிப்பாடிப் புகழ் பெற்றார். கறுப்பர்கள் அடிமைகளாக இருந்த காலம் அது. அவர்களைச் சோம்பேறிகளாகவும் அறிவிலிகளாகவும் காட்டும் கேளிக்கைக் குழுக்கள் பல தோன்றின. பிற்காலத்தில் கறுப்பரைப் பள்ளியிலும் பேருந்திலும் பிரித்து வைத்த சட்டங்களுக்கே 'ஜிம் க்ரோ சட்டங்கள்' என்று பெயர் வந்தது. ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தின் பெயர் ஒடுக்குமுறையின் பெயரானது.

பிரிட்டனிலும் வெள்ளையர் கரி பூசிப் பாடும் நிகழ்ச்சி ஒன்றைப் பிபிசி 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. கறுப்பு முகம் மேடையில் இருந்தது. கறுப்பு மனிதருக்கு மேடையில் இடமில்லை. அந்த முகப்பூச்சு இன்றும் வலிப்பதற்குக் காரணம் இதுதான். மெக்கார்த்தி ஆண் வேடம் போட்டதால் எந்த ஆண் நடிகரும் காலங்காலமாக மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டதில்லை.

காலி நாற்காலிகள்

இப்போது மைக்கல்ஸ் சொன்ன பதிலுக்குத் திரும்புவோம். 2008 பிப்ரவரியில் அந்நிகழ்ச்சியின் நடிகர் குழுவில் கறுப்பர் ஒரே ஒருவர்தான். அவர் கெனன் தாம்சன். பருமனான உடல்வாகு கொண்ட அவர் மெலிந்த ஒபாமாவுக்குப் பொருந்தவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, "ஆர்மிசன் திறமைசாலியா?" என்பதன்று, "நாட்டில் கோடிக்கணக்கில் கறுப்பர் வாழும்போது குழுவில் ஏன் ஒருவர் மட்டும்?" என்பதே. தேர்வு நடக்கும் அறைக்குள் ஒருவரும் இல்லாதபோது, திறமைப் போட்டி அங்கே முழுமையாக நடந்ததாகச் சொல்ல முடியாது. ஒபாமா வேடம் ஒரு கறுப்பரான ஜே ஃபரோவிடம் 2012 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஒபாமாவின் முதல் தவணையே முடியும் நிலைக்கு வந்துவிட்டது.

பெண்களின் நிலை இன்னும் மோசம். 2013 வரை ஏறக்குறைய 38 ஆண்டுகளில் அக்குழுவில் இடம்பெற்ற கறுப்பினப் பெண்கள் நால்வர் மட்டுமே. அவர்களில் கடைசியாக இருந்த மாயா ரூடால்ஃப் 2007இல் விலகிய பின் ஒருவரும் இல்லை. கறுப்பினப் பெண் பாத்திரம் வந்தால் ஆண் நடிகர்கள் சேலைக்குப் பதில் கவுன் கட்டிக்கொண்டு ஒப்பேற்றினார்கள். 2013இல் தாம்சன், இனிப் பெண் வேடம் போடுவதில்லை என்று அறிவித்தார். அதிபரின் மனைவி மிஷெல் ஒபாமா நாடறிந்த பெண்மணி. அவரைப் போல நடிக்கக் குழுவில் ஆளில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி சிறப்பு விருந்தினராக வந்த நடிகை கெரி வாஷிங்டனை வைத்து நிகழ்ச்சி தன்னைத்தானே கேலி செய்துகொண்டது. முதலில் அவர் மிஷெலாக வருகிறார். உடனே உள்ளே ஓடி உடை மாற்றி ஓப்ரா வின்ஃப்ரேயாகத் திரும்புகிறார். அடுத்துப் பாடகி பியான்சேயாகவும் அவரே வரவேண்டியிருக்கிறது. ஒரு வெள்ளைக்கார நடிகரின் வேடத்தில் மட்டும் அரை டஜன் பேர் வரிசையாக நுழைகிறார்கள்! பார்வையாளர்கள் சிரித்தார்கள்; உண்மையும் உறைத்தது. அடுத்த சில வாரங்களில் கறுப்பினப் பெண்களுக்கென்றே தேர்வு நடந்தது. 2014 ஜனவரி 18ஆம் தேதி சஷீர் ஸமாட்டா குழுவில் சேர்ந்தார். லெஸ்லி ஜோன்ஸ் உள்ளிட்ட இரு கறுப்பினப் பெண்கள் எழுத்தாளர்களாகவும் அமர்த்தப்பட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிச் செய்தி. நடிப்பவர் ஒருவர்; அவர் வாயில் வரும் வசனத்தை எழுதுபவர் இன்னொருவர். மேடையில் ஒரு கறுப்பு முகத்தை நிறுத்திவிட்டு, எழுதும் அறையைப் பழையபடி விட்டுவைத்தால் மாற்றம் பாதிதான்.

சீன வம்சாவளியினரான போவன் யாங் இதற்கு நல்ல சான்று. அவர் 2018இல் எழுத்தாளராக நுழைந்து 2019இல் நடிகரானார். வட கொரியாவின் கிம் ஜோங் உன், அதிபர் வேட்பாளர் ஆண்ட்ரூ யாங் ஆகியோரின் வேடங்களை அவர் ஏற்றார். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட அதே நாளில் அறிவிக்கப்பட்ட மற்றொரு நடிகர், சீனர்களை இழிவாகப் பேசிய பழைய ஒலிப்பதிவு வெளிவந்ததால் சில நாள்களிலேயே நீக்கப்பட்டார். ஒரே கதவு வழியாக இரண்டு காலங்கள் நுழையப் பார்த்தன என்றே சொல்லலாம்.

சென்னைப் பெண்ணின் மகள்

தமிழர்கள் இந்த விவாதத்தை வேறு யாருக்கோ உரியது என ஒதுக்கிவிட முடியாது. கமலா ஹாரிஸின் தாயார் ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்த தமிழர். தந்தை ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பர். 2020 ஆகஸ்டில் வேட்பாளர் ஏற்புரையில் தம் சிற்றன்னையரைச் 'சித்திகள்' என்று தமிழிலேயே ஹாரிஸ் குறிப்பிட்டதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஹாரிஸ் வேடத்தை 2019 செப்டம்பரில் ஏற்றவர் முன்பு விலகிச் சென்ற அதே மாயா ரூடால்ஃப். கறுப்பினத் தாய்க்கும் யூதத் தந்தைக்கும் பிறந்தவர் அவர். அந்நடிப்புக்காக 2020இல் எம்மி விருதும் பெற்றார். 2024ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, ஹாரிஸே மேடைக்கு வந்து கண்ணாடிப் பிம்பம்போல ரூடால்ஃபின் எதிரில் அமர்ந்தார். வேட்பாளர்களுக்குச் சம நேரம் தரவேண்டும் என்ற ஒளிபரப்பு விதியின்படி என்பிசி டோனல்ட் டிரம்புக்கும் நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று. கேலி நாடகத்தின் சில நிமிடங்களையும் சட்டம் அரசியலாகவே எடைபோட்டது.

ரூடால்ஃபின் நடிப்பில் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ஹாரிஸின் தந்தை வழி மரபைச் சுமக்க அங்கே ஒரு கலைஞர் இருந்தார். தாய் வழி மரபைச் சுமக்க ஒருவரும் இல்லை. 2024 தேர்தல் காலத்திலும் நடிகர் குழுவில் இந்திய வம்சாவளியினர் இடம்பெறவில்லை. தமிழகத்திலிருந்து குடியேறிய முஸ்லிம் பெற்றோரின் மகனான அசிஸ் அன்சாரி 2017 ஜனவரியில் ஓரிரவு நிகழ்ச்சியை வழிநடத்தினார். தெற்காசிய வம்சாவளியினர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதல்முறை. விருந்தாளியாக ஓரிரவு வருவது வேறு; வீட்டு மனிதராக வாரந்தோறும் இருப்பது வேறு.

நம் வீட்டுத் திரையில்

இவ்வட்டாரத்திலும் இதே கேள்வி வந்து போயிருக்கிறது. சிங்கப்பூரில் 1997 முதல் பத்தாண்டு ஒளியேறிய நகைச்சுவைத் தொடரில் சீனக் குத்தகையாளர் புவா சூ காங்காக நடித்தவர், சீக்கியத் தந்தைக்குப் பிறந்த குர்மிட் சிங். சுருட்டை முடியும் மஞ்சள் காலணியுமாக வந்த அவரை எல்லா இனத்தாரும் ரசித்தார்கள். ஆனால் 2019 ஜூலையில் மின்னிலக்கக் கட்டண விளம்பரம் ஒன்றில், சீன நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கி இந்தியராகவும், தலையில் துடோங் அணிந்து மலாய்ப் பெண்ணாகவும் தோன்றியபோது கண்டனம் எழுந்தது. விளம்பரத்துக்குப் பொறுப்பானவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

இரண்டும் வேற்றினத்தார் வேடம்தான். ஒன்று இனித்தது, மற்றொன்று கசந்தது ஏன்? புவா சூ காங்கில் சிரிப்பு வந்தது அவருடைய பேச்சிலிருந்தும் தற்பெருமையிலிருந்தும்; தோலிலிருந்து அன்று. மேலும், சிறுபான்மையினர் ஒருவர் பெரும்பான்மையினராக நடிப்பதால் பெரும்பான்மையினரின் வாய்ப்பு பறிபோவதில்லை. விளம்பரத்திலோ, ஓர் இந்தியக் கலைஞருக்கும் ஒரு மலாய்க் கலைஞருக்கும் கிடைத்திருக்க வேண்டிய இரண்டு வேலைகள் முகப்பூச்சோடு முடிந்துபோயின.

பல்லின நாட்டில் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் வாழ முடியாது, வாழவும் வேண்டாம். கேலியை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. கேலி செய்யும் குழுவிலும் அதை எழுதும் அறையிலும் எல்லாருக்கும் இடம் கிடைத்தால், எந்த நகைச்சுவை குத்தும், எது சுகமாகக் கிச்சுகிச்சு மூட்டும் என்பதை அரங்கேறும் முன்பே அவர்களில் ஒருவர் சொல்லிவிடுவார்.

அடுத்த முறை குடும்பத்தோடு நகைச்சுவை நிகழ்ச்சி பார்த்துச் சிரிக்கும்போது, முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் பிள்ளைகளோடு சேர்ந்து படித்துப் பாருங்கள். நடித்தவர்கள் யார், எழுதியவர்கள் யார் என்ற அந்தப் பட்டியல், திரையில் தெரிந்த முகங்களைவிட அதிகமாகவே சொல்லும்.