டில்லிக் கோடையும் குளிர்ப் பெட்டியும்

பங்குனி மாதம் பாதி கழிந்துவிட்டால், டில்லித் தமிழர் இல்லங்களில் பேச்சு இரண்டு பொருள்களைப் பற்றியதாகவே இருக்கும். ஒன்று, ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைத்ததா என்பது; மற்றொன்று, ஏர்கண்டிஷனரை ஓட்டிப் பார்த்தாயிற்றா என்பது. ஊரிலுள்ள உறவினர், "நம் பக்கத்து அக்கினி நட்சத்திரத்தைவிடவா உங்கள் ஊர் வெயில் பெரிது?" என்று கேட்பதுண்டு. 'லூ' என்னும் அனற்காற்றை ஒரு நண்பகலிலேனும் எதிர்கொண்டு நடந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். மாலையில் கடற்காற்று வந்து ஆறுதல் சொல்லும் சென்னையைப் போன்றதன்று இவ்வூர். இரவு பத்து மணிக்கும் மொட்டை மாடியின் தளம் கால் வைக்கவொண்ணாதபடி சுடும்.

முன்னாளில் வெட்டிவேர்த் தட்டியும், பின்னாளில் தகரக் கூலரும் நம்மைக் காத்தன. வைகாசியின் வறண்ட காற்றில் கூலர் நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுபோவதே அதன் சூட்சுமம். மழை தொடங்கிய பின்னரோ, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், அது அறையைப் பிசுபிசுக்கச் செய்வதோடு சரி. அப்போதுதான் ஏர்கண்டிஷனரின் அருமை தெரிகிறது. குளிர்விப்பதோடு நில்லாமல், காற்றிலுள்ள ஈரத்தையும் நீராக்கி வெளியேற்றிவிடுகிறது. உண்மையில், 1902-ஆம் ஆண்டில் வில்லிஸ் காரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை வகுத்தது மனிதர் உறங்குவதற்காக அன்று. நியூயார்க்கின் புரூக்லின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றினால் காகிதம் விரிந்து வண்ணங்கள் இடம் மாறிப் பதிவதைத் தடுப்பதற்காகவே.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு பழைய வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம். ஏ.ஸி.யை மாட்டிய சுவருக்கு அருகில் தக்க ப்ளக் இல்லை. "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று ஒரு நீட்டிப்புப் பலகையை இழுத்து அதில் சொருகிவிட்டோம். இரண்டு மாதம் ஒரு குறையுமின்றி ஓடியது. ஒருநாள் பின்னிரவில் நமது தாயார், "ஏதோ ரப்பர் தீய்கிற நாற்றம் வருகிறதே" என்று எல்லோரையும் எழுப்பினார். கட்டிலுக்குப் பின்னே பலகை உருகிக் கருகிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழத்தில் குழந்தையின் படுக்கை. தாயாருக்கு இரவில் உறக்கம் குறைவு என்று நாம் வருந்தியதுண்டு. அன்று முதல் வருந்துவதில்லை.

அந்தத் தவறு முழுவதும் நம்முடையதே. 1.5 டன் பெட்டி ஓடும்போது ஏறத்தாழ ஏழு ஆம்பியர் மின்னோட்டத்தை மணிக்கணக்காக இழுத்துக்கொண்டே இருக்கிறது. பழைய வகைப் பெட்டிகள் கம்ப்ரெஸர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். (டன் என்பது பெட்டியின் எடையன்று, ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை ஏற்குமோ அவ்வளவை அகற்றும் திறன்.) ஆகையால் அதற்கு மீட்டர் பலகையிலிருந்து தனியே ஒரு கம்பி வரவேண்டும்; 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருத்தல் நலம். அதற்கென்று தனி எம்.ஸி.பி., 16 ஆம்பியர் ப்ளக், நன்கு இணைத்த எர்த் ஆகியன வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.ஸி.ஸி.பி. இருக்குமானால் இன்னும் நன்று. எம்.ஸி.பி. அடிக்கடி விழுகிறதென்றால், அதைவிடப் பெரியதை மாட்டச் சொல்லும் எலெக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விழுவதே அதன் கடமை. கோடையில் வாரம் ஒருமுறை, பத்து நிமிடம் ஓடிய பின் ப்ளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். வீட்டுக்காரர் செலவை ஏற்க மறுத்தாலும், அந்தத் தனிக் கம்பியை நம் செலவிலேனும் போட்டுக்கொள்வதே உத்தமம்.

அடுத்து, 'காஸ்' என்னும் விஷயம். ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரு மெக்கானிக் வந்து, கடிகாரம் போன்ற ஒரு கருவியை மாட்டி, "காஸ் குறைந்துவிட்டது" என்று சொல்லிப் பணம் வாங்கிச் செல்வதைப் பல குடும்பங்கள் ஒரு பண்டிகைச் செலவைப்போலவே ஏற்றுக்கொண்டுவிட்டன. நாமும் இருமுறை கொடுத்தோம். காரில் ஊற்றும் பெட்ரோலைப்போல அது செலவாகித் தீரும் பொருளன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருப்பது மெய்யானால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைக் கண்டு அடைக்காமல் மேலும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதையே. அழுத்தச் சோதனையை நைட்ரஜனைக் கொண்டுதான் செய்யவேண்டும். ஒருபோதும் ஆக்ஸிஜனைக் கொண்டு செய்யலாகாது. கம்ப்ரெஸரிலுள்ள எண்ணெயும் அழுத்தமிக்க ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடித்துவிடும். மேலும், இன்று விற்கும் பெட்டிகளில் பலவற்றிலுள்ள ஆர்-32 என்ற காஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பதோ புரோபேனேயாகும். எந்த காஸ் என்பது பெட்டியின் பக்கத்திலுள்ள தகட்டில் எழுதியிருக்கும். வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். பீடி, சிகரெட்டுக்கு அங்கே இடமில்லை.

குளிர் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் காஸ் அன்று, தூசியே. 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் ஒருமுறை வீசினாலே போதும். உள்பெட்டியின் வலைத் தட்டுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாய் நீரில் அலம்பி நிழலில் உலர்த்துவது பத்து வயதுக் குழந்தையும் பெரியவர் துணையோடு செய்யக்கூடிய வேலை. முதலில் சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்துவிடவேண்டும். தட்டு அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குன்றி உள்ளே பனிக்கட்டி கட்டிவிடும். அதைக் கத்தியால் சுரண்டிக் குழாயைப் பொத்தலாக்கியவர்களும் உண்டு. நிறுத்திவைத்தால் தானே உருகிவிடும்.

வெளிப்பெட்டி நம் கையில் விடவேண்டிய பொருளன்று. புறாக்கள் அதன் பின்னே கூடு கட்டிக் காற்றை மறைக்கும்; மழையில் தாங்கிகள் துருவேறும். 2024 ஆகஸ்டில் கரோல் பாகில் மேல்மாடியிலிருந்து விழுந்த ஏ.ஸி. வெளிப்பெட்டி ஒன்று, தெருவில் ஸ்கூட்டர் மீது அமர்ந்து நண்பனோடு பேசிக்கொண்டிருந்த 18 வயது இளைஞனின் உயிரைப் பறித்தது. அந்தப் பேட்டை நம்மவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். தாங்கியையும் அதன் போல்ட்டுகளையும் ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்கும்போது அந்தச் செய்தி நினைவுக்கு வராமலிராது.

இன்னொன்றையும் நம் இல்லத்தரசிகளிடம் சொல்லவேண்டும். ஸ்பிளிட் வகைப் பெட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணி போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கரி நெருப்புச் சட்டியை மூடிய ஏ.ஸி. அறைக்குள் வைக்கவே கூடாது. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மார்கழிக் குளிரில் அங்கீட்டி வைப்போருக்கும் இதுவே சொல்வோம்.

மின்கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட பெட்டிகள் 24 டிகிரியில் தொடங்குமாறே செய்யப்படுகின்றன. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்று மின்திறன் துறையார் கணக்கிட்டுள்ளனர். 26-இல் வைத்து மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டால் முதியோருக்கும் மூட்டு வலி எழாது. ஒழுகும் நீரைச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு மட்டும் ஊற்றவேண்டாம். தூசியும் உலோகத் துகளும் கலந்த நீர் அது.

தீபாவளி நெருங்கியதும் ஒரு பகல் முழுவதும் விசிறியை மட்டும் ஓட்டி உள்பாகத்தை உலரவைத்து, எம்.ஸி.பி.யை அணைத்துவிடுங்கள். ரிமோட்டிலுள்ள பாட்டரிகளைக் கழற்றிவிடுவதும் அவசியம், கசிந்து கெடுத்துவிடும். அந்த ரிமோட்டை எங்கே வைத்தோம் என்பதைத்தான் ஒவ்வொரு பங்குனியிலும் நம் வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.