குப்பை வண்டி வாங்காத குப்பை

2024 நவம்பரில் குன்றத்தூரை அடுத்த மணஞ்சேரியில், ஓர் அடுக்குமாடி வீட்டில் எலித்தொல்லைக்காக ஆள் வரவழைத்து மருந்து வைத்தார்கள். அன்றிரவு ஏசி போட்டுக் கதவடைத்துத் தூங்கிய குடும்பம், விடிந்தபோது வாந்தியும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனைக்குப் போனது. குழந்தைகள் இருவரும் பிழைக்கவில்லை. சென்னைப் புறநகரில் உள்ள நம் திருமுடிவாக்கத்திலிருந்து அந்த இடம் அதிக தூரமில்லை. செய்தியைப் படித்துவிட்டுத் தன் வீட்டு எலிமருந்தைக் கையோடு குப்பைப் பையில் போட்டவர் யாரேனும் இருந்தால், அவர் அதை வீட்டை விட்டுத்தான் அனுப்பினார்; ஊரை விட்டு அனுப்பவில்லை.

மீந்துபோன எலிமருந்து

தானியக் கிடங்குகளில் புழங்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். காற்றிலுள்ள ஈரமே போதும். காய்கறித் தோலும் மீந்த சாம்பாரும் உள்ள பையில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த மருந்தைப் பொதுமக்களுக்கு விற்கவே கூடாது என்பது விதி. பூச்சி மருந்து அடிக்க வருபவர் "இதை வச்சுக்கோங்க சார், மறுபடி எலி வந்தா போடலாம்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். என்ன மருந்து வைத்தார், எங்கெங்கே வைத்தார் என்று எழுதி வாங்குங்கள். மீந்ததை அவரே எடுத்துப்போக வேண்டும். வீட்டில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ காரணமில்லாமல் வந்தால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு 108க்குப் பேசுங்கள்.

இன்சுலின் ஊசி

சர்க்கரை நோயாளி இல்லாத வீடு இந்தப் பக்கம் அபூர்வம். தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடும் ஒருவர் ஊசியை மாற்றி மாற்றிப் போட்டால் மாதம் 60 ஊசி சேரும். அவை பெரும்பாலும் டிஷ்யூவில் சுற்றிச் சமையலறைப் பைக்குள் போகின்றன. அந்தப் பையைத் தெருமுனையில் பிரித்துத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவின் கையில் ரப்பர் கையுறை இருந்தாலும் ஊசிக்கு அது ஒரு பொருட்டில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாளாவது உயிரோடிருக்கும். ஹெபடைடிஸ் சி, எச்ஐவி பயமும் சேர்ந்ததுதான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. துணி துவைக்கும் லிக்விட் வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில், போட்ட கையோடு ஊசியைப் போட்டுவிடுங்கள். மூடியை மறுபடி மாட்ட முயலும்போதுதான் பலர் குத்திக்கொள்கிறார்கள். பாட்டில் முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, மேலே 'ஊசி' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அமுங்கினால் ஊசி வெளியே வரும். நீங்கள் வாடிக்கையாகப் போகும் கிளினிக்கிலோ லேபிலோ கேட்டுப் பாருங்கள். அவர்களின் மருத்துவக் கழிவை எடுக்கத் தனி வண்டி வருகிறது. தெரிந்த நோயாளியின் பாட்டிலைச் சிலர் மறுக்க மாட்டார்கள்.

உடைந்த டியூப்லைட்

எல்இடி வந்த பிறகும் பரணில் பழைய டியூப்லைட்டும் சிஎஃப்எல் பல்பும் கிடக்கத்தான் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். உடைந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, குழந்தைகளோடு வெளியே வந்து கால் மணி நேரம் கழித்துப் போங்கள். அட்டையால் சில்லுகளை வாரி, தூளை டேப்பால் ஒற்றியெடுத்து, ஈரத்தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் அடையுங்கள். பாதரசக் கழிவைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் குவிந்து கிடந்தது 2001இல் அம்பலமானது. அதோடு ஆலை மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் வழக்கு அதற்குப் பிறகு பல வருடம் நடந்தது.

மாத்திரை, ஆசிட், பெயின்ட் வாளி

காலாவதியான மாத்திரையைக் கழிவறையில் கொட்டுவது பலரின் பழக்கம். புறநகரில் பல தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான்; அதற்குப் பக்கத்திலேயே போர்வெல். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், டிரமடால், மார்ஃபின், டயஸிபாம் போன்ற 17 மருந்துகளை மட்டுமே கழிவறையில் போடச் சொல்கிறது. தவறான கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்த விலக்கு. ஆன்டிபயாட்டிக் அந்தப் பட்டியலில் இல்லை.

தண்ணீர் பாட்டிலில் ஆசிட் வாங்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். கழிவறை ஆசிடும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மீந்ததையெல்லாம் ஒரே வாளியில் ஊற்றிக் காலி செய்வதும் அதனால் ஆபத்து. பெயின்ட் வாளியைக் கழுவி அரிசி கொட்டி வைப்பவர்கள் உண்டு. செடி வைக்கலாம், சாப்பாட்டுப் பொருள் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரியைக் காசு கூடக் கிடைக்கிறதென்று தெருவில் வருபவரிடம் தராமல் புதியது வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே அதை உடைப்பவர் ஆசிடை மண்ணில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குவார். ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும்.

மண்ணில் கொட்டியது எங்கே போகும் என்று கேட்கலாம். 2017 வறட்சியில் பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். குப்பை கொட்ட வசதியான பள்ளம் என்று நாம் நினைக்கும் இடம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை தவிர வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாவதாக ஒன்றைப் பிரிக்கச் சொல்லின. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைப்பது உள்ளாட்சியின் கடமை என்றும் எழுதின. 2026இல் வந்த புதிய விதிகளில் இது நான்கு பிரிவாகி, மருந்து, பல்பு, பெயின்ட் டப்பா போன்றவை தனிக்கவனக் கழிவாகியுள்ளன. பேட்டரிக்கு 2022 விதிகள் தனி: மற்ற குப்பையோடு கலக்காமல் சேகரிப்பவரிடம் ஒப்படைப்பது வாங்கியவரின் பொறுப்பு. அபாயக் கழிவை எரிக்கவும் புதைக்கவும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வசதி இருக்கிறது. இடையில் விட்டுப்போனது, வீட்டு வாசலிலிருந்து அங்கே போகும் வண்டி.

யாரிடம் கேட்பது

2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பக்கத்துத் திருநீர்மலை அதில் சேர்ந்தது, திருமுடிவாக்கம் ஊராட்சியாகவே நின்றது. அதனால் ஓர் ஊரில் கிடைக்கும் பதில் அடுத்த ஊருக்குப் பொருந்தாது. மாநகராட்சிக்காரர்கள் தங்கள் மண்டல சுகாதார அலுவலரிடம் கேட்கலாம். ஊராட்சியில் இருப்பவர்களுக்கு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். பல்பு, ஊசி, மருந்து, பேட்டரியை மாதத்தில் எந்த நாள், எந்த இடத்தில் வாங்குவீர்கள் என்று மனுவாக எழுதித் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதுவரை, மூடியுள்ள ஒரு டப்பாவில் இவற்றைச் சேர்த்து, பூச்சி மருந்தையும் ஆசிடையும் மட்டும் அதில் கலக்காமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.