பையனுக்கும் அந்த ஊசி வேணுமா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் பையன்களுக்கும் போடலாம். ஆனால் போட்டே ஆகணுமா?

இந்நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. உடலுறவு மூலம் ஆண், பெண் இருவருக்கும் பரவும். ஆண்களுக்குத் தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பில் புற்றுநோய் வரலாம். மருக்களும் வரலாம். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் 2007-ல் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கி, 2013 முதல் பையன்களுக்கும் அரசே போடுகிறது.

இனி செலவு. நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக் 2023-ல் வந்தபோது ஓர் ஊசி சுமார் 2,000 ரூபாய். 9 முதல் 14 வயதுக்குள் இரண்டு ஊசி போட்டால் 4,000 ஆகும். ஒரு பிள்ளைக்குத்தான் பணம் இருக்குன்னா, மகளுக்கே முதலில் போடுங்க. இந்தக் கிருமியால் உயிரிழப்பவர்களில் பெண்களே அதிகம். பெரும்பாலான பெண் பிள்ளைகள் போட்டுக்கொண்டால், கிருமி பரவுவது குறைந்து பையன்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். உலக சுகாதார நிறுவனமும் பெண் பிள்ளைகளுக்கே முதலிடம் தருகிறது.

14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-ல் அறிவித்தது. காசு கட்டும் முன் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க. மகளுக்கு இலவசமாகக் கிடைத்தால், மிச்சப் பணத்தில் மகனுக்கும் போடலாம். அதுக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

ஊசி நோயைத் தடுக்கும், வந்த நோயைக் குணமாக்காது. 30 வயது தாண்டிய நாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்வோம்!