கிளியூரில் எடுத்த வீடியோ ஏன் வெளிறிப்போகிறது?

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. மழைக்காலம் முடிந்ததும் கேமராவோடு அங்கே படியிறங்கும் இளைஞர்கள் நிறையப் பேர். சுமார் 300 அடி உயரத்திலிருந்து வெள்ளையாய் விழும் நீர், ஒட்டியே கரும்பாறை, சுற்றிலும் காடு, நினைத்த நேரத்தில் இறங்கும் பனிமூட்டம் என்று எல்லாமே கேமராவைச் சோதிக்கும். "கலர் கரெக்‌ஷனில் சரிசெய்துகொள்ளலாம்" என்ற நம்பிக்கைதான் இங்கே பெரும்பாலான வீடியோக்களைக் கெடுக்கிறது.

அருவி நீர் ஒருமுறை வெளிறிப் பதிவாகிவிட்டால், அந்த இடத்தில் விவரமே இருக்காது; எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பாறையின் இருட்டை ஓரளவு தூக்கிவிடலாம். ஆகவே வெளிச்ச அளவை நீருக்குத்தான் வைக்க வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50. அதனால் கூடும் வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸில் என்.டி. ஃபில்டர் மாட்ட வேண்டும். வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடவே கூடாது. காட்டிலிருந்து அருவிக்குக் கேமராவைத் திருப்பும்போது ஒரே ஷாட்டுக்குள் நிறம் மாறிவிடும். அதைத் திருத்துவது பெரும்பாடு. பனி இறங்கி வெளிச்சம் மாறும்போதெல்லாம் சாம்பல் நிற அட்டையைச் சில நொடி படம்பிடித்துக்கொண்டால் பின்னால் கைகொடுக்கும். நிறம் தட்டையாகப் பதியும் லாக் முறையில் எடுப்பதானால் 10 பிட் வேண்டும். 8 பிட்டில் எடுத்த பனிமூட்டம், நிறத்தைக் கூட்டிக் குறைக்கும்போது பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும்.

படம்பிடிக்கும்போதே நிறத்தைச் சரியாக வைக்கும் இந்தக் கட்டுப்பாடு, ஏற்காடு இருக்கும் சேலத்துக்குப் புதிதல்ல. ஏற்காடு அடிவாரச் சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ், 1956இல் கேவாகலரில் தயாரித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். ஃபிலிம் காலத்து லேபில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை முழுச் சட்டகத்துக்கும் சேர்த்துத்தான் கூட்டிக் குறைக்க முடிந்தது. முகத்தை மட்டும் தனியே திருத்த வழியில்லை. எனவே படப்பிடிப்பிலேயே நிறம் முடிவாக வேண்டியிருந்தது.

மலையிலிருந்து இறங்கியதும் முதல் வேலை காப்பி எடுப்பது. நொடிக்கு 100 மெகாபிட் பதிவு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. வரும். இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் ஏற்றிச் சரிபார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். கணினி திணறினால் சிறிய அளவிலான பிராக்ஸி கோப்புகளை வைத்து எடிட் செய்யலாம்.

எடிட் முடிந்து, இனி ஒரு ஷாட்டும் மாறாது என்ற நிலையில்தான் நிறத்தில் கைவைக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டி எறியப்போகும் ஷாட்டுக்கும் பாடுபட வேண்டியிருக்கும். இதை டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் செய்யலாம். முதலில் வெளிச்சம், அடுத்து வொயிட் பேலன்ஸ். பிறகு வெயிலில் எடுத்ததும் பனியில் எடுத்ததும் ஒரே காட்சியாகத் தெரியும்படி, ஒரு ஷாட்டை அளவாக வைத்து மற்றவற்றை அதனோடு பொருத்த வேண்டும். கண்ணை மட்டும் நம்பாமல், வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தையும் பார்ப்பது அவசியம். அறையின் மஞ்சள் விளக்கு கண்ணை ஏமாற்றிவிடும்.

படத்துக்கென்று தனி நிறத்தோற்றம் தரும் 'லுக்' கடைசியில்தான். அங்கேதான் பலரும் பச்சையை ரேடியம் நிறத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பச்சை அப்படிப்பட்டதே அல்ல. சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காப்பிச் செடியின் பச்சையில் கருமை கலந்திருக்கும். அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.