தொழுவக் கழுநீரும் வைக்கோற் கூளமும்

தொழுவம் கழுவிய நீர் சாக்கடையில் ஓடி வீணாகிறது. மழையில் நனைந்து கெட்ட வைக்கோலும், மாடு தின்னாது கழித்த கூளமும் தீக்கிரையாகின்றன. இவற்றினின்று அடுப்பெரிக்க வாயுவும் வயலுக்கு உரமும் பெறலாமென்பதை நம் அங்கத்தினர்கள் அறிவர். எனினும், கலன் நிறைய வைக்கோலைத் திணித்தும் வாயு வரவில்லையே என்று வருந்துவோர் உளர். அதன் காரணத்தை ஈண்டு விளக்க விழைகிறோம்.

காற்றுப் புகாத கலனுள் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து வாயுவாக்குகின்றன. அவ்வாயுவில் பாதிக்கு மேற்பட்டது எரியக்கூடிய மீத்தேன்; எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. இந்நுண்ணுயிர்களும் கறவை மாட்டைப் போன்றவையே. சத்தற்ற தீனி மட்டும் இட்டால் இளைத்துவிடும். தழைச்சத்து ஒரு பங்கிற்குக் கரிச்சத்து 20 முதல் 30 பங்குவரை இருத்தல் அவற்றுக்கு ஏற்றது. நெல் வைக்கோலிலோ கரிச்சத்து இதனினும் மிக அதிகம். கோமியத்தில் தழைச்சத்து மிகுதி. ஆகவே வைக்கோலின் குறையைத் தொழுவக் கழுநீர் ஈடுசெய்கிறது.

கதர் கிராமத் தொழில் கமிஷன் 1960-களில் நாடெங்கும் பரப்பிய மிதவைத் தொட்டிக் கலன் சாணத்திற்கென வகுக்கப்பட்டது. அதில் நீண்ட வைக்கோலை இட்டால், மிதந்து ஏடாகப் படிந்து வாயுவைத் தடுக்கும். ஆதலால் கூளத்தை விரற்கடை அளவாக நறுக்கி, கழுநீரில் சில நாள் ஊறவைத்துச் சாணத்துடன் சிறிது சிறிதாகச் சேர்த்து வருக. சாணத்தைக் கரைக்கச் சமஅளவு நீர் வேண்டும். அதற்கும் கழுநீரையே கொள்ளலாம். ஆனால் கழுநீர் மிகுந்தால் கரைசல் நீர்த்து, வாயு குறையும்.

நெசவாளர்களுக்கு ஒரு சொல். சாயப்பட்டறைக் கழிவுநீர் கலனுள் ஒரு துளியும் சேரலாகாது. சாயச் சரக்கும் உப்பும் காரமும் நுண்ணுயிர்களைக் கெடுக்கும். தொழுவம் கழுவப் பினாயில், பிளீச்சிங் பவுடர் இட்ட நாளில் அந்நீரையும் விலக்குக. பழுது பார்க்க எவரும் கலனுள் இறங்குதல் கூடாது. அங்குள்ள வாயு நொடியில் உயிரைப் பறிக்கும்.

நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலன் சிறு குடும்பத்தின் சமையலுக்குப் போதும். அதற்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். நான்கைந்து மாடுகள் உள்ளவர்க்கே அது கைகூடும். ஒரே பசு வைத்திருக்கும் தறிக்காரர் என் செய்வார்? அண்டை வீட்டாருடன் சேர்ந்து பொதுக்கலன் அமைக்கலாம். யார் எவ்வளவு சாணமும் கூளமும் இட்டனர் என்று கணக்கு வைத்து, வாயுவையும், கலனினின்று வெளிவரும் சத்துமிக்க எருவையும் அதற்கேற்பப் பகிர்ந்து கொள்ளலாம். தனியொருவர்க்கு எட்டாதது கூட்டுறவால் எட்டும்.