உங்களுக்குத் தெரியுமா? போபாலில் கசிந்தது விற்பனைச் சரக்கே அல்ல

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில், போபாலின் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு சந்தைக்குப் போகும் பொருள் அல்ல. கார்பரில் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரிக்கும்போது நடுவில் உருவாகும் இடைப்பொருள் அது. 39 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தண்ணீர் பட்டால் கடும் வெப்பத்துடன் வினைபுரியும். இ610 என்ற ஒரே தொட்டியில் அது சுமார் 40 டன் இருந்தது. அன்றிரவு அந்தத் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது.

பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. காரக் கரைசலால் வாயுவைக் கழுவும் கலத்துக்கு அவ்வளவு வாயுவைத் தாங்கும் திறன் கிடையாது. பீய்ச்சிய தண்ணீரோ வாயு வெளியேறிய உயரத்தை எட்டவே இல்லை.

இத்தனை காவலையும்விட, அவ்வளவு நச்சைத் தேக்கி வைக்காமல் இருப்பதே மேல். வேதிப் பொறியாளர் ட்ரெவர் கிளெட்ஸ் 1970களிலிருந்தே வலியுறுத்திவந்த கருத்து இது. அதே மூலப்பொருள்களை வேறு வரிசையில் வினைபுரிய வைத்தால், மெத்தில் ஐசோசயனேட் உருவாகாமலே கார்பரில் கிடைக்கும். அந்த வழியிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு தேவைப்படும் என்பது உண்மைதான்.

இந்த விபத்துக்குப் பிறகு இந்தியாவில் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1989இல் வந்த விதிகள், வரம்புக்கு மேல் அபாயகரமான ரசாயனம் வைத்திருக்கும் ஆலைகளிடம் பாதுகாப்பு அறிக்கையும் அவசரகாலத் திட்டமும் கேட்கின்றன. விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றுவட்டார மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் கட்டாயம்.