பாட்டியின் நிரையும் லண்டன் பஸ்ஸின் படிக்கட்டும்

எங்கள் பள்ளியில் செகாக் உடல்தகுதித் தேர்வு நடந்தபோது, மூன்று நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்கிய படிவம் 2 மாணவன் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: “டீச்சர், இப்படி ஏறி இறங்கி என்ன ஆகப் போகிறது?” அடுத்தவனின் நாடித்துடிப்பை எண்ண வேண்டியிருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாக நிரைக்குப் போய்விடுவார். ஏன் விடியுமுன்? வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும். பட்டைக்குள் உள்ள பால்குழாய்களில் அழுத்தம் குறைந்து, பாலும் குறைவாகவே வடியும். 400, 500 மரங்களை வெட்டி முடித்தபின், மங்குகளில் சேர்ந்த பாலை எடுக்க அதே மரங்களுக்கு இன்னொரு நடை. பிறகு கனத்த வாளிகளோடு ஸ்டோருக்கு. ‘உடற்பயிற்சி’ என்ற சொல்லைப் பாட்டி வாயில் நான் கேட்டதே இல்லை.

தோட்டம் கைமாறியதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. மாமா லாரி ஓட்டினார். 49 வயதில் அவருக்கு மாரடைப்பு; நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். வீட்டில் எல்லாரும் ஆட்டுக்கறியையும் தே தாரிக்கையும் குறை சொன்னார்கள். அவர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்த இருக்கையை யாரும் நினைக்கவில்லை.

அந்த இருக்கையை நினைத்த ஒருவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டன் இரட்டை மாடி பஸ்ஸில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க நாளுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுவார். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே பஸ். போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் விவரங்களை மோரிஸ் குழு ஆராய்ந்து, 1953இல் முடிவை வெளியிட்டது. நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களையும் மேசையில் வேலை செய்த அஞ்சல் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அதே போக்குதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. ஓட்டுநர்கள் முதலிலிருந்தே பருமனானவர்களாக இருந்தால்? நிறுவனம் கொடுத்த சீருடைகளின் அளவுகளை மோரிஸ் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது! அப்படியானால் வித்தியாசம் முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுத முடியாது. கருதுகோள் சரி என்று வந்ததும் புத்தகத்தை மூடிவிடும் என் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் மற்றவர்கள் செய்த ஏராளமான ஆய்வுகளும் அவர் சொன்ன பக்கமே சாய்ந்தன.

படி ஏறினால் உள்ளே என்ன நடக்கிறது? படிவம் 3 பாடத்தில் இரத்த ஓட்டம் வரும். ஓய்வில் இருக்கும் பெரியவரின் இதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். வாரக்கணக்கில் பயிற்சி செய்தால் ஒரு துடிப்பில் தள்ளும் அளவு கூடும். ஓய்வில் உடலின் தேவை அதேதான், ஆகவே குறைந்த துடிப்பே போதும். நிமிடத்துக்கு 80 என்பது 70 ஆனால், ஒரு நாளில் 14,400 துடிப்புகள் மிச்சம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரத்தம் வேகமாகப் பாயும்போது குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிக்கவும் செய்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்தவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

“இதெல்லாம் மாமா வயதுக்காரர்களுக்குத்தானே?” என்பீர்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சராசரி வயது 22தான். நான்கில் மூன்று பேருக்கு இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் தென்பட்டது.

தோட்ட வாழ்க்கையே மேல் என்று நான் சொல்லவில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தசோகையும் அங்கே பலரை வாட்டின. நமக்கு வேண்டியது அந்த நடை மட்டும்தான். 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கு ஒரு தெரு முன்னதாகவே இறங்கி நடக்கலாம், மாலையில் பூப்பந்து ஆடலாம், அம்மா அப்பாவோடு போலோ திடலைச் சுற்றலாம். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்தி, பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

பலனை நீங்களே அளக்கலாம். காலையில் எழுந்திருக்குமுன் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. எட்டு வாரம் எழுதி வாருங்கள்.

கேள்வி கேட்ட மாணவன் தொடங்கிவிட்டான். அட்டவணையில் அப்பாவுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறான். முதல் வாரம் அவனுக்கு 82, அப்பாவுக்கு 88.